லூயிஸ் ப்ரூக்ஸ்: நடிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு

1929 பிப்ரவரி 9ஆம் தேதி பெர்லினில் 'பண்டோராவின் பெட்டி' முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதில் கதாநாயகியாக வந்த அமெரிக்கப் பெண்ணைப் பற்றி அங்கிருந்த விமர்சகர்களில் பலர் சொன்னது ஏறக்குறைய ஒன்றேதான். இவள் நடிக்கவில்லை, துன்பப்படவும் இல்லை, வெறுமனே இருக்கிறாள். வெடகிண்டின் இரண்டு நாடகங்களையும் மேடையில் பார்த்துப் பழகியவர்களுக்கு லூலூ என்பவள் ஒரு பெரிய பாத்திரம். முதல் நாடகமான 'பூமியின் ஆவி'யின் முன்னுரைக் காட்சியில் மிருகங்களைப் பழக்குகிறவன் அவளைச் சர்ப்பம் என்று சொல்லித்தான் சபைக்கு அறிமுகப்படுத்துகிறான். அப்படியொரு பாத்திரத்துக்குக் கண்ணை உருட்டவும் மார்பு விம்மவும் தெரிந்த ஒரு ஜெர்மன் நடிகையை எதிர்பார்த்திருந்தார்கள். வந்ததோ கான்ஸாஸிலிருந்து ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண். ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது.

இந்தக் குற்றச்சாட்டு எனக்கு முக்கியமாகப்படுவதற்குக் காரணம், அதை வைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல என்பது. பார்த்ததைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். ப்ரூக்ஸ் உண்மையில் அவர்கள் நடிப்பு என்று அறிந்திருந்த காரியத்தைச் செய்யவில்லை. அவர் செய்தது வேறு ஒன்று என்பதைப் பார்க்க ஐரோப்பிய விமர்சனத்துக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது. பார்த்த பிறகும் அதைச் சரியான காரணத்துக்காகப் பார்த்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நம்மிடையேயும் ஒரு கவிதையைப் படித்துவிட்டு 'உணர்ச்சி இல்லை' என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உணர்ச்சி என்றால் உணர்ச்சியின் அறிவிப்பு என்று நினைக்கும் பழக்கம் சினிமாவுக்கு மட்டும் உரியதல்ல. ஆகவே இந்த நடிகையைப் பற்றி யோசிப்பது நமக்கும் பயன்படக்கூடும்.

ப்ரூக்ஸ் பிறந்தது 1906 நவம்பர் 14ஆம் தேதி, கான்ஸாஸ் மாநிலத்தின் செர்ரிவேல் என்ற சிற்றூரில். தந்தை வக்கீல். தாய் பியானோ வாசிப்பவர். புத்தகத்திலும் சங்கீதத்திலும் ஈடுபாடு கொண்டவர், பிள்ளை வளர்ப்பில் அவ்வளவாக ஈடுபாடு இல்லாதவர். மகள் சிறு வயதிலேயே நடனம் கற்றுப் பதினைந்தாவது வயதில், 1922ல், நியூயார்க் வந்து டெனிஷான் நடனக் குழுவில் சேர்ந்தார். ரூத் செயின்ட் டெனிஸும் டெட் ஷானும் நடத்திய குழு அது. செயின்ட் டெனிஸ் அம்மையாருக்குக் கீழை நாட்டு நடனம் பற்றிய தரிசனம் கிடைத்தது ஒரு சிகரெட் விளம்பரத்தில் இருந்த எகிப்திய தெய்வத்தின் படத்திலிருந்து. 1906ல் அவர் ஆடிப் புகழ் பெற்ற 'ராதா' என்ற நடனத்துக்கும் நம் ராதைக்கும் பெயரளவில்தான் உறவு. அந்தக் குழுவின் கலை பெரும்பாலும் நிலைகளின் கலை: ஒரு அழகான நிலையிலிருந்து இன்னொரு அழகான நிலைக்குப் போய் அங்கே சற்று நின்று பார்வையாளரின் அங்கீகாரத்தைப் பெற்றுக்கொள்வது. அதே குழுவில் அப்போது மார்த்தா கிரஹாம் இருந்தார். 1923ல் வெளியேறினார். ப்ரூக்ஸை 1924ல் செயின்ட் டெனிஸே வெளியேற்றினார்.

பின்னாளில் ப்ரூக்ஸ் தன் கல்வியைப் பற்றிச் சொன்ன ஒன்று பிரசித்தம். நடிக்கக் கற்றது மார்த்தா கிரஹாம் ஆடுவதைப் பார்த்து. ஆடக் கற்றது சாப்ளின் நடிப்பதைப் பார்த்து. கேட்பதற்குச் சாமர்த்தியமான வாக்கியமாக இருக்கிறது. ஆனால் அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நிலைகளில் அல்ல, ஒரு நிலை இன்னொன்றாக மாறும் இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது என்பதை அவர் அந்த இரண்டு பேரிடமிருந்து கண்டுகொண்டார்.

நியூயார்க்கில் ஜார்ஜ் வைட்டின் நடன நிகழ்ச்சி, லண்டனில் ஒரு கேளிக்கை விடுதி, பிறகு 1925ல் ஸீக்ஃபெல்டின் 'ஃபாலீஸ்'. அதே வருஷம் பாரமௌண்டுடன் ஒப்பந்தம். இந்த ஓட்டத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. பாரமௌண்டில் நடித்த படங்களில் பல, அவரை அலங்காரப் பொருளாக வைத்து எடுக்கப்பட்ட வேடிக்கைப் படங்கள். 'ரோல்ட் ஸ்டாக்கிங்ஸ்', 'தி சிட்டி கான் வைல்ட்' போன்றவை இன்று பிரதியே இல்லாமல் அழிந்துபோய்விட்டன. 'நௌ வி ஆர் இன் தி ஏர்' என்ற 1927ஆம் வருஷப் படத்தின் இருபது நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு துண்டு பிராக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் 2016ல்தான் அகப்பட்டது. மௌனப் பட நடிகை ஒருவரைப் பற்றி எழுதுகிறவன் எப்போதும் மிச்சத்தைப் பற்றித்தான் எழுதுகிறான்.

மிச்சத்தில் ஒன்று 1928ல் வில்லியம் வெல்மன் எடுத்த 'பெக்கர்ஸ் ஆஃப் லைஃப்'. ப்ரூக்ஸை உருவாக்கியது பாப்ஸ்ட்தான் என்று சொல்லுகிறவர்கள் இந்தப் படத்தின் ஆரம்பத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பசியோடு வரும் நாடோடி இளைஞன் ஒருவன் ஒரு பண்ணை வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறான். மேஜை முன்னால் காலை ஆகாரத்துடன் உட்கார்ந்திருக்கும் கிழவனிடம் சாப்பாடு கேட்கிறான். கிழவன் செத்திருக்கிறான். ஆண் உடையில் தப்பிப்போகத் தயாராக ஒரு பெண் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். தன்னை வளர்த்தவன் தன்னைப் பலாத்காரம் செய்ய முயன்றதையும் தான் அவனைச் சுட்டதையும் சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல, நடந்த சம்பவத்தின் மேல் அவளுடைய முகம் பெரிதாகப் படிந்து நிற்கிறது. இரண்டு பிம்பங்களும் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. கீழே பலாத்காரம், போராட்டம், துப்பாக்கி. மேலே அந்த முகம்.

அக்காலத்து எந்த நடிகையும் இந்த முகத்தில் அந்தச் சம்பவத்தைத் திரும்பவும் ஒரு தடவை நடத்திக் காட்டியிருப்பார்: பயம், அருவருப்பு, கொலைக்குப் பின் திகைப்பு. ப்ரூக்ஸின் முகம் சொல்கிறது, அவ்வளவுதான். நடந்து முடிந்துவிட்ட ஒன்றை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகம் அது. கோர்ட்டிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொல்வதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த முகம் தெரியும். அதில் நாம் எதிர்பார்க்கும் துக்கம் இருப்பதில்லை. துக்கம் இல்லாததால் சொல்வதை நம்ப மறுக்கிறவர்களும் உண்டு. 1929ல் பெர்லின் விமர்சகர்களுக்கு நேர்ந்தது இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

இனி 1928ஆம் வருஷத்து ஒப்பந்த விவகாரம். பேசும் படம் வந்துவிட்டிருந்தது. ஸ்டூடியோக்களுக்கு இது நல்ல சந்தர்ப்பம்: யாருடைய குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது என்று சொல்லிச் சம்பள உயர்வுகளை நிறுத்திவிடலாம். ப்ரூக்ஸின் வாரச் சம்பளம் 750 டாலர். ஒப்பந்தப்படி உயர வேண்டியது. பாரமௌண்டின் ஷூல்பெர்க் அவரைக் கூப்பிட்டு, பழைய சம்பளத்துக்கு இருக்கலாம், இல்லையென்றால் போகலாம் என்றார். போகிறேன் என்றார் ப்ரூக்ஸ். அந்தச் சமயத்தில்தான் பாப்ஸ்ட் அவருக்காக பாரமௌண்டுக்கு எழுதிக் கேட்டிருந்தார். ஹோவர்ட் ஹாக்ஸின் படம் ஒன்றில் பார்த்ததிலிருந்து லூலூ இவர்தான் என்று தீர்மானித்திருந்தார். அமெரிக்காவிலிருந்து பதில் வராமல் வேறு வழியின்றி மார்லீன் டீட்ரிச்சை ஒப்பந்தம் செய்ய இருந்த தருணத்தில் தந்தி வந்ததாகச் சொல்வார்கள்.

ப்ரூக்ஸ் கடைசியாக நடித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்த 'தி கானரி மர்டர் கேஸ்' என்ற படத்தைப் பேசும் படமாக மாற்ற வேண்டும், திரும்பி வா என்று பாரமௌண்ட் கூப்பிட்டது. வர மறுத்தார். வேறு ஒரு நடிகையின் குரலைப் பொருத்தி 1929ல் படத்தை வெளியிட்டார்கள். ப்ரூக்ஸின் குரல் பேசும் படத்துக்கு ஆகாது என்ற வதந்தியையும் கூடவே வெளியிட்டார்கள். ஒரு நடிகையின் வாழ்க்கையை முடித்துவைக்க அது போதுமானதாக இருந்தது. நான் அன்றாடம் பற்றுவரவு எழுதிப் பிழைக்கிறவன். சினிமாச் சரித்திரத்தில் இப்படிப்பட்ட ஒரு சம்பளத் தகராறு எத்தனை பாணிகளைத் தீர்மானித்திருக்கிறது என்பது சினிமா விமர்சகர்களைவிட எனக்கு உடனே பிடிபடுகிறது. இதில் எனக்கு முன்னோடி, பின்னால் வரப்போகிறபடி, ப்ரூக்ஸேதான்.

பாப்ஸ்டின் படத்துக்கு வருவோம். அதில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம் அரங்கின் பின்புறக் காட்சி. டாக்டர் ஷோன் என்ற பத்திரிகை அதிபர் வேறு ஒரு கௌரவமான பெண்ணை மணப்பதற்காக லூலூவைக் கைவிட்டவர். தன் மகன் நடத்தும் நடன நிகழ்ச்சியில் அவளைச் சேர்த்துவிட்டிருக்கிறார். நிகழ்ச்சியைப் பார்க்கத் தன் வருங்கால மனைவியோடு வருகிறார். அவள் முன்னால் ஆடமாட்டேன் என்கிறாள் லூலூ. மேடைச் சாமான்கள் போட்டு வைத்திருக்கும் அறைக்குள் அவளை இழுத்துச் செல்கிறார். படுக்கையில் விழுந்து காலை உதைத்துக்கொள்கிறாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மாட்டேன் மாட்டேன் என்கிறாள். அவர் சிகரெட் பற்ற வைக்கிறார். பிடித்து உலுக்குகிறார். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு மகனும் வருங்கால மனைவியும் வரும்போது அவர் அவளைத் தழுவிக்கொண்டிருக்கிறார். லூலூ எழுந்து தன் உடையை எடுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து மேடைக்குப் போகிறாள்.

இந்தக் காட்சியில் கோபம் எந்த இடத்தில் ஆசையாக மாறுகிறது என்று பார்க்க முயன்றிருக்கிறேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் அந்த இடம் அகப்படாது. கோபம் முழுக்கக் கோபமாக இருந்த போதே விளையாட்டாகவும் இருந்திருக்கிறது. வெற்றிச் சிரிப்பு வரும்போது அது ஏற்கனவே அந்த உதைப்பில் இருந்தது என்று பின்னோக்கித் தெரிகிறது. லிலியன் கிஷ்ஷின் முகத்தில் உணர்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் தன் பூரணத்தை எட்டி, நாம் கண்டுகொண்ட பின் அடுத்ததற்கு வழிவிடும். அது மிகப் பெரிய கலை என்பதில் சந்தேகமில்லை. ட்ரேயரின் 'ஜோன்'இல் ஃபால்கொனெட்டியின் முகத்திலிருந்து வேதனை காமிராவால் பிழிந்தெடுக்கப்படுகிறது. ப்ரூக்ஸிடம் இந்த இரண்டுமே இல்லை. அவர் முகத்தை உடம்பிலிருந்து தனியே பிரித்து வைத்துக்கொள்வதில்லை. உதைக்கும் காலுக்கும் ஆடும் தலைக்கும் என்ன அந்தஸ்தோ அதுதான் முகத்துக்கும்.

பாப்ஸ்டின் மேதைமை இதைக் கண்டுகொண்டதில் இருக்கிறது. ப்ரூக்ஸ் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் செயல்முறை முழுவதும் இருக்கிறது. முதலில் ஒரு நடனக் காட்சியை எடுத்தபோதுதான் இவள் அடிப்படையில் நடனக்காரி என்று பாப்ஸ்ட் கண்டாராம். அதன்பின் காட்சிகளை அசைவின் கணக்கில் அமைத்தார். ஒவ்வொரு நடிகருக்கும் ஒவ்வொரு வழி வைத்திருந்தார். ஷோனாக நடித்த ஃபிரிட்ஸ் கோர்ட்னர் பெரிய மேடை நடிகர், ப்ரூக்ஸை வெறுத்தவர், படப்பிடிப்புக்கு வெளியே பேசமாட்டார். அந்த வெறுப்பை பாப்ஸ்ட் சமாதானப்படுத்தவில்லை, உபயோகித்தார். நான் சொன்ன காட்சியில் கோர்ட்னர் பிடித்து உலுக்கியதில் ப்ரூக்ஸின் கைகளில் பத்து விரல்களின் தடமும் கன்றிப்போயிற்று. கெஷ்விட்ஸ் சீமாட்டியாக வந்த பெல்ஜிய நடிகை, தான் இன்னொரு பெண்ணைக் காதலிக்கும் பாத்திரம் என்று தெரிந்ததும் கொதித்துப்போனார். பாப்ஸ்ட் காமிராவுக்குப் பக்கத்தில் தானே நின்றுகொண்டு, அந்த அம்மாள் லூலூவைத் தாண்டித் தன்னைப் பார்த்துக் காதல் செய்யும்படி வைத்தார். திரையில் நாம் பார்க்கும் அந்த இறுக்கமான பார்வை அப்படி வந்தது.

கடைசிக் காட்சிக்கு ப்ரூக்ஸின் சொந்தத் துணிகளில் அவருக்குப் பிரியமான ஒன்றை எடுத்துக் கிழித்து எண்ணெய்க் கறை ஏற்றிக் கொடுத்தார் பாப்ஸ்ட். ப்ரூக்ஸ் அவமானத்தில் குன்றிப்போனார். லண்டன் பனிமூட்டத்தில் வேசியாக நிற்கும் லூலூவுக்கு வேண்டியிருந்தது அந்த அவமானம்தான். அதை நடிக்கச் சொல்லவில்லை, உடுத்தக் கொடுத்தார். ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொலைகாரன் ஜாக்காக நடித்த குஸ்டாவ் டீஸ்லை ப்ரூக்ஸுக்கு மிகவும் பிடித்திருந்தது. படப்பிடிப்பின் இடைவேளைகளில் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகவே படத்தின் மிகப் பயங்கரமான காட்சி அதன் மிக மென்மையான காட்சியாகவும் இருக்கிறது. படிக்கட்டில் அவன் தன்னிடம் பணம் இல்லை என்கிறான். பரவாயில்லை, உன்னைப் பிடித்திருக்கிறது, வா என்கிறாள். அவன் கத்தியைத் தூக்கி எறிகிறான். மேலே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவன் மடியில் உட்காருகிறாள். மேஜையில் ரொட்டிக் கத்தி மின்னுகிறது. பிறகு அவளுடைய கை தளர்கிறது. அந்தக் கை தளர்வதைத் தவிர மரணத்தை நமக்குக் காட்டுவதில்லை.

துன்பப்படவில்லை என்றவர்களுக்கு இந்தக் கை ஏன் கண்ணில் படவில்லை என்று எனக்குப் புரிகிறது. துன்பம் அவளைத் தேடி வரும்போது அவள் அதற்காகத் தயாராகி நிற்பதில்லை. ஷோன் கல்யாண இரவில் தன் கையிலிருக்கும் துப்பாக்கியை அவள் கையில் திணித்துச் செத்துப்போ என்கிறார். சுடுவது அவர் முதுகுக்கு அப்பால் நடக்கிறது. புகை மட்டும் எழுகிறது. கோர்ட்டில் தண்டனை பெற்றுத் தப்பி ஓடுகிறவள் நேரே செத்தவரின் வீட்டுக்கே வந்து குளிக்கத் தண்ணீர் திறந்துவிட்டு உடை அலங்காரப் பத்திரிகையைப் புரட்டுகிறாள். இதை ஒழுக்கமின்மை என்று வாசித்தார்கள். க்ராகௌர்கூட 1947ல் வெளிவந்த தன் ஜெர்மன் சினிமாப் புத்தகத்தில் இந்தப் படத்தைத் தோல்வி என்றே எழுதினார். சமூகக் காரணங்களைத் தேடுகிற கண்ணுக்கு, காரணம் எதையும் முகத்தில் எழுதி வைத்துக்கொள்ளாத ஒருத்தி பிரயோஜனப்படமாட்டாள்.

பாப்ஸ்டுடன் இன்னொரு படம், 'ஒரு தொலைந்த பெண்ணின் நாட்குறிப்பு', அதே 1929ல். பிறகு 1930ல் பிரான்ஸில் ஜெனினாவின் 'ப்ரி தெ போத்தே'. இந்தப் படம் எனக்கு முழுமையாகத் திருப்தி தருவதல்ல. ஆனால் அதன் முடிவு சினிமாவின் மறக்க முடியாத முடிவுகளில் ஒன்று. அழகிப் போட்டியில் வென்று நடிகையாகப் போகும் தட்டெழுத்துப் பெண், தனியறையில் தான் பாடி நடித்த முதல் துண்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொறாமை பிடித்த கணவன் பின்னால் வந்து சுட்டுவிடுகிறான். அவள் சரிந்து கிடக்கிறாள். திரையின் ஒளி அவள் முகத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது. திரையில் அவள் தொடர்ந்து பாடிக்கொண்டே இருக்கிறாள். ப்ரூக்ஸுக்கு பிரெஞ்சும் தெரியாது. பாடுவது, பேசுவது எல்லாம் வேறு ஒருவரின் குரல். பாரமௌண்ட் தண்டனையாகச் செய்ததை இந்தப் படம் தேவைக்காகச் செய்தது. விளைவு ஒன்றுதான்: பேசும் படத்தின் வாசலில் அந்த உடம்பு குரலின்றி நிறுத்தப்பட்டது.

அதன் பின்னான சரிவை நீட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அந்தப் பகுதியை ருசித்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹாலிவுட்டில் சில்லறை வேஷங்கள்; 1938ல் ஜான் வெய்னுடன் ஒரு கௌபாய்ப் படம், அதுவே கடைசி; 1940ல் கான்ஸாஸுக்குத் திரும்பி நடனப் பள்ளி; 1943ல் மறுபடி நியூயார்க்; 1946லிருந்து சில காலம் ஒரு பெரிய துணிக் கடையில் வாரம் 40 டாலருக்கு விற்பனைப் பெண். குடி. வறுமை. பெர்லினில் பாப்ஸ்ட் அவரிடம், உன் வாழ்க்கை லூலூவின் வாழ்க்கைதான், அவளைப் போலவேதான் நீயும் முடிவாய் என்று எச்சரித்தாராம். அந்த ஜோசியம் ஏறக்குறையப் பலித்தது என்று சொல்லும் வாழ்க்கை வரலாற்றுக்காரர்கள், அவர் எழுபத்தெட்டு வயது வரை இருந்து 1985 ஆகஸ்ட் 8ஆம் தேதி தன் படுக்கையில், சுற்றிலும் புத்தகங்களோடு வாழ்ந்த வீட்டில் இறந்தார் என்பதை ஒரு பின்குறிப்பாக ஆக்கிவிடுகிறார்கள்.

1955ல் பாரிஸில் ஹென்றி லாங்லாவா நடத்திய சினிமாக் கண்காட்சியின் வாசலில் இரண்டு பிரும்மாண்டமான படங்கள் தொங்கின. ஒன்று ஃபால்கொனெட்டி, மற்றது ப்ரூக்ஸ். ஏன் கார்போவை விட்டுவிட்டு இவளை என்று கேட்டவர்களுக்கு, கார்போவும் இல்லை டீட்ரிச்சும் இல்லை, இவர் ஒருத்திதான் இருக்கிறார் என்ற அர்த்தத்தில் லாங்லாவா கத்தினார். அந்த வருஷங்களில்தான் ராச்செஸ்டரில் இருந்த ஈஸ்ட்மன் இல்லத்தின் திரைப்படப் பாதுகாவலர் ஜேம்ஸ் கார்ட் அவரைத் தேடிக் கண்டுபிடித்து அந்த ஊருக்கு வரச் செய்தார். மறு கண்டுபிடிப்பு என்று இதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் எதைக் கண்டுபிடித்தார்கள்? நெற்றியில் நேராக வெட்டிய கறுப்பு முடியை. 1962ல் கோதார் தன் நடிகைக்கு அதே முடியை வைத்தார். 1979ல் கென்னத் டைனன் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுதிய நீண்ட கட்டுரையின் தலைப்பிலேயே அந்த முடி கறுப்புத் தலைக்கவசமாக இருக்கிறது. அரும்பொருள் ஒன்றைக் கண்டெடுத்தவர்களின் பெருமிதம் இவர்களிடம் இருக்கிறது. பொருளுக்கும் அபிப்பிராயம் உண்டு என்பது அவர்களுக்குச் சற்று வியப்பைத் தந்தது.

லோட்டே ஐஸ்னரின் விவகாரம் இதைவிட சுவாரஸ்யமானது. அவர் பெர்லினில் நிருபராக இருந்தபோது பாப்ஸ்டின் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறார். இந்த அமெரிக்கப் பெண் ஓரமாக உட்கார்ந்து ஷோப்பன்ஹவர் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டு விளம்பரத் தந்திரம் என்றே எண்ணினார். 1952ல் ஜெர்மன் மௌன சினிமாவைப் பற்றிய தன் புகழ்பெற்ற நூலில், ப்ரூக்ஸ் பெரிய கலைஞரா, அல்லது கண்ணைக் கூசவைக்கும் ஒரு அழகுப் பிறவி மட்டும்தானா என்று ஒரு கேள்வி போட்டிருந்தார். பிந்திய பதிப்பில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, இவர் ஒப்பற்ற அறிவுகொண்ட வியத்தகு நடிகை என்று இப்போது நாம் அறிவோம் என்று மாற்றினார். ஒரு விமர்சகர் தன் வாக்கியத்தைப் பகிரங்கமாகத் திருத்திக்கொள்வது அபூர்வம். ஐஸ்னர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் என் சந்தேகம் இது: அந்தத் திருத்தம் படத்தை மறுபடி பார்த்ததால் வந்ததா, அல்லது இடையில் ப்ரூக்ஸ் எழுதிய கட்டுரைகளைப் படித்ததால் வந்ததா? அறிவாளி என்று நிரூபணமான பிறகுதான் நடிகை என்று ஒப்புக்கொள்ளப்பட்டார் என்றால், 1929ன் குற்றச்சாட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. திரையில் இருக்கும் அறிவைப் பார்க்கக் காகிதத்தில் அத்தாட்சி தேவைப்பட்டிருக்கிறது.

அந்தக் கட்டுரைகளைப் பற்றி. ராச்செஸ்டர் வந்த பின் 'ஸைட் அண்ட் சவுண்ட்' முதலிய பத்திரிகைகளில் எழுதியவை. ஏழு கட்டுரைகள் 1982ல் 'லூலூ இன் ஹாலிவுட்' என்ற பெயரில் புத்தகமாயின. நட்சத்திரங்களின் நினைவலைகள் என்ற குப்பைக் கிடங்கில் வைத்து இதைத் தேடாதீர்கள். நடிப்பைப் பற்றி, நடித்தவர் எழுதிய விமர்சனம் இது. ஹம்ஃப்ரி போகார்ட்டைப் பற்றிய கட்டுரையில், மேடையில் சாதாரண நாகரிக இளைஞனாக வந்துகொண்டிருந்தவர் எப்படி 'போகி' என்ற தோற்றத்தைக் கட்டிக்கொண்டார் என்று படிப்படியாகக் காட்டிவிட்டு, கடைசியில் நிக்கலஸ் ரே எடுத்த 'இன் எ லோன்லி ப்ளேஸ்' (1950) படத்தின் தனிமைப்பட்ட, சிக்கலான மனிதன்தான் உண்மையான போகார்ட்டுக்கு மிக அருகில் இருப்பவன் என்று முடிக்கிறார். அந்த முகத்தின் தசைகளைப் பற்றி அவர் சொல்வதைச் சொல்ல ஒரு நடனக்காரியின் கண் வேண்டும்.

மேரியன் டேவிஸின் மருமகள் பெப்பி லெடரரைப் பற்றிய கட்டுரை எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்ததாகப்படுகிறது. பத்திரிகைச் சக்கரவர்த்தி ஹெர்ஸ்டின் மாளிகையில் ஆதரவில் வளர்ந்து, எல்லோரையும் சிரிக்க வைத்து, எதற்கும் உதவாமல், 1935ல் மருத்துவமனை ஜன்னலிலிருந்து குதித்துச் செத்த பெண். இந்த விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு இடத்திலும் ப்ரூக்ஸ் குரல் தழுதழுக்கவில்லை. விருந்துகள், உடைகள், யார் யாரிடம் காசு வாங்கினார்கள் என்ற விவரங்கள். 'பெக்கர்ஸ் ஆஃப் லைஃப்'இன் அந்த முகம் இங்கே வாக்கியமாகியிருக்கிறது.

எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. 'கிஷ்ஷும் கார்போவும்' என்ற கட்டுரையில் அவர் ஒரு சதியை விவரிக்கிறார். 1925 வாக்கில் வங்கிப் பணம் ஸ்டூடியோக்களுக்குள் வந்த பின், பெரும் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்களை ஒழிக்க முதலாளிகள் தீர்மானித்தார்கள். கிஷ்ஷைப் பழைய காலத்தவள், காமமற்றவள் என்று முத்திரை குத்தி, குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த கார்போவை அந்த இடத்தில் வைத்தார்கள். கார்போ வேலை செய்ய மறுத்துத் தன் விலையை உயர்த்திக்கொண்டபோது தங்கள் ஆயுதமே தங்கள் மேல் திரும்பியதைக் கண்டார்கள் என்கிறார். இதில் மக்களின் ரசனை மாறியது என்ற ஒன்றுக்கு இடமே இல்லை. யுத்தத்துக்குப் பிந்திய ஒரு தலைமுறைக்குக் கிஷ்ஷின் தூய்மை அலுத்துப்போயிருக்கலாம் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது. தனக்கு 1928ல் நேர்ந்ததைக் கிஷ்ஷின் மேல் ஏற்றிப் பார்க்கிறார் என்றும் தோன்றுகிறது. இருந்தாலும், முகபாவங்களைப் பற்றி மட்டுமே எழுதிக்கொண்டிருந்த சினிமா விமர்சனத்துக்குள் ஒப்பந்தப் பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தது சாமானியமான காரியமல்ல. ஒரு முகம் 'பழையது' ஆவது முகத்தில் மட்டும் நடக்கும் விஷயம் அல்ல என்பதை இதற்குப் பின் மறக்க முடியாது.

சுயசரிதை ஒன்றும் எழுதினார். முடித்துவிட்டுக் குப்பை எரிக்கும் உலையில் போட்டார். ஏன் நினைவுக் குறிப்புகள் எழுதமாட்டேன் என்று பின்னர் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவருடைய காமத்தின் உண்மையை எழுதாமல் அவர் வாழ்க்கை புரியாது, அதை எழுத எனக்கு இஷ்டமில்லை, ஆகவே எழுதவில்லை. அவருடைய நியாயத்தின் சாரம் இது. எழுபதுகளில், எல்லோரும் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டத் தொடங்கியிருந்த நாட்களில் இதைச் சொன்னார். வெட்கப்பட்டுச் சொன்னவரும் அல்ல. டைனனிடம் அவர் பேசாத விஷயம் இல்லை. பேச்சு வேறு, எழுத்து வேறு என்ற தெளிவு அவருக்கு இருந்தது. எழுத்தில் பாதி உண்மையை வைத்து மீதியைப் பாவனையால் நிரப்புவது அவருக்குச் சாத்தியப்படாத ஒன்று. திரையிலும் அதைத்தான் அவர் செய்யவில்லை.

'பண்டோராவின் பெட்டி' 2009ல் செப்பனிடப்பட்டு ஏறக்குறைய முழு நீளத்தில் இப்போது பார்க்கக் கிடைக்கிறது. சின்னத் திரையில் பார்க்க நேர்ந்தாலும் பாதகமில்லை. அந்த அசைவு சின்னதாவதில்லை. கட்டுரைகள்தான் தமிழில் வர வேண்டும். ஏழும் வேண்டியதில்லை. பாப்ஸ்டையும் லூலூவையும் பற்றியது முதலில், பிறகு பெப்பி லெடரர். நம் நண்பர்களில் யாராவது முன்வந்தால் பிரதியை அனுப்பித் தருகிறேன். மொழிபெயர்க்கிறவர் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். ப்ரூக்ஸின் வாக்கியங்கள் குட்டையானவை, பெயரெச்சங்கள் குறைவு. தமிழில் கொண்டுவரும்போது நமக்குக் கை துறுதுறுக்கும். எதையும் சேர்த்துவிடக் கூடாது.